முகத்தை மாற்றாத நாயகன்தான் சிரிக்க வைக்கிறார்

கேள்வி இதுதான்: அடிதடிப் படங்களால் பெயர் வாங்கிய ஒரு பெரிய நட்சத்திரம் திடீரென்று கிறுக்குத்தனமான ஒரு காமெடி வேடத்தை ஒப்புக்கொள்கிறார். சிலருக்கு அது பெரிய வெற்றி ஆகிறது, சிலர் கேலிக்கு ஆளாகிறார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அதோடு, இத்தனை வருடம் கட்டி வளர்த்த ஆக்‌ஷன் இமேஜ் இதனால் கெட்டுப்போகாதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்‌ஷன் நடிகர் காமெடி நடிகராக மாற முயலும்போதுதான் பெரும்பாலும் படம் கவிழ்கிறது. அவர் அப்படியே இருக்க வேண்டும். அதே விறைப்பு, அதே பார்வை, அதே உறுதி. அவரைச் சுற்றி இருக்கும் உலகம் மட்டும் மாற வேண்டும். துப்பாக்கியை நீட்டும்போது எவ்வளவு நம்பிக்கையோடு நின்றாரோ, அபத்தத்தின் நடுவிலும் அதே நம்பிக்கையோடு அவர் நின்றால் சிரிப்பு தானாக வரும். ‘நான் இப்போது காமெடி செய்கிறேன், பாருங்கள்’ என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டால் வராது.

அண்மையில் வந்த நல்ல உதாரணம் லியாம் நீசன். 1993-இல் வந்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 2008-இல் வந்த ‘டேக்கன்’ அவரை ஆக்‌ஷன் நாயகன் ஆக்கியது. மகளைக் கடத்தியவனிடம் போனில் தாழ்ந்த குரலில் அவர் பேசும் அந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பிரபலம். அதே நீசன் 2025-இல் ‘தி நேக்கட் கன்’ படத்தில் வந்தார். பள்ளிச் சிறுமி வேடமிட்டு, கையில் லாலிபாப்போடு, கொள்ளையர்கள் புகுந்த ஒரு வங்கிக்குள் போகிறார். வேடம் கலைந்த பிறகும் அதே குட்டைப் பாவாடையோடு அடித்து நொறுக்குகிறார். அந்தக் காட்சி முழுக்க அவர் முகத்தைக் கவனியுங்கள். ‘டேக்கன்’ படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கண் சிமிட்டல் இல்லை, அசட்டுச் சிரிப்பு இல்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு போலீஸ் வேலை, அவ்வளவுதான்.

இது திடீரென்று வந்த திறமையும் இல்லை. 2011-இல் பிரிட்டிஷ் காமெடியன் ரிக்கி ஜெர்வெய்ஸின் ‘லைஃப்ஸ் டூ ஷார்ட்’ தொடரில் நீசன் தன்னையே நடித்திருந்தார். காமெடி செய்ய ஆசைப்பட்டு ஜெர்வெய்ஸிடம் யோசனை கேட்டு வருகிறார். ஆனால் அவருக்கு நகைச்சுவையே வராது. ஒவ்வொரு முறையும் பேச்சு கொடிய நோயில் போய் நிற்கிறது. அந்தக் காட்சியில் அவர் ஒரு நொடிகூடச் சிரிக்கவில்லை. என்னைக் கேட்டால், 2025 படத்துக்கான விதை அங்கேயே விழுந்துவிட்டது.

இந்த முறைக்கு வேர் எங்கே என்று தேடினால் 1980-இல் வந்த ‘ஏர்ப்ளேன்!’ படத்துக்குப் போக வேண்டும். அதை இயக்கிய மூன்று பேரும், அதாவது டேவிட் ஸக்கர், ஜெர்ரி ஸக்கர், ஜிம் ஆப்ரஹாம்ஸ், 1957-இல் வந்த ‘ஸீரோ ஹவர்!’ என்ற சீரியஸான விமானப் படத்தின் உரிமையை வாங்கி அதையே அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். ஒரு கூத்தான காதல் ஜோடியைச் சுற்றி, விறைப்பான வேடங்களுக்கே பெயர் போன நடிகர்களைப் பிடித்துப் போட்டார்கள். ராபர்ட் ஸ்டாக், லாய்ட் பிரிட்ஜஸ், பீட்டர் கிரேவ்ஸ், லெஸ்லி நீல்சன். அதுவரை நீல்சனை யாரும் காமெடியோடு சேர்த்துப் பார்த்ததில்லை. 1972-இல் ‘தி பொஸைடன் அட்வென்ச்சர்’ படத்தில் கவிழப்போகும் கப்பலின் கேப்டனாக நடித்தவர் அவர். ‘ஏர்ப்ளேன்!’ படத்திலும் கிட்டத்தட்ட அதே கேப்டனின் குரலில்தான் பேசினார். வசனம் மட்டும் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அதற்குப் பிறகு அவருடைய மிச்ச வாழ்க்கை பெரும்பாலும் காமெடியிலேயே கழிந்தது. 1988-இல் முதல் ‘தி நேக்கட் கன்’ படத்தின் நாயகனும் அவர்தான்; நீசன் நடித்தது அந்தப் பாத்திரத்தின் மகனாக.

நீல்சனை ஆக்‌ஷன் ஸ்டார் என்று சொல்ல முடியாது என்பீர்கள். சரி, அப்படியென்றால் ஆர்னால்ட் ஷ்வார்ஸனெகருக்கு வருவோம். இந்தக் கேள்விக்கே அடிப்படைப் பாடம் அவர்தான்.

1984-இல் ‘தி டெர்மினேட்டர்’, 1985-இல் ‘கமாண்டோ’, 1987-இல் ‘ப்ரெடேட்டர்’. ஆள் ஒரு நடமாடும் பீரங்கி என்பதுதான் அன்றைய மனப்படம். அந்த நேரத்தில் ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ எடுத்த ஐவன் ரைட்மனோடு சேர்ந்து ‘ட்வின்ஸ்’ செய்தார். குள்ளமான டேனி டெவிட்டோவும் இவரும் இரட்டைப் பிள்ளைகள் என்பதுதான் கதை. போஸ்டரில் இரண்டு பேரும் ஒரே மாதிரி உடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே பாதிப் படம் புரிந்துவிடும். ஸ்டுடியோவுக்குப் பயம் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அதனால் ஷ்வார்ஸனெகர், டெவிட்டோ, ரைட்மன் மூவரும் முன்பணச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, வருமானத்தில் பங்கு வாங்கிக்கொண்டார்கள். 1988 டிசம்பரில் படம் வந்தது. உலகம் முழுக்க 20 கோடி டாலருக்கு மேல் வசூல். எந்த டெர்மினேட்டர் படத்தையும்விட இந்தப் படத்தில்தான் தனக்கு அதிகப் பணம் கிடைத்தது என்று ஷ்வார்ஸனெகரே பல முறை சொல்லியிருக்கிறார்.

ஆனால் பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பாத்திரத்தை எழுதிய விதம். ஷ்வார்ஸனெகர் நடித்த ஜூலியஸ் ஒரு தீவில், வெளியுலகம் தெரியாமல், எல்லாவற்றையும் புத்தகத்தில் படித்து வளர்ந்தவன். பல மொழி தெரியும், சூதுவாது தெரியாது. ஷ்வார்ஸனெகரின் உடம்பை மறைக்க யாரும் முயலவில்லை. அவருடைய உச்சரிப்பையும் மாற்றவில்லை. அந்த விறைப்பான பேச்சு இதுவரை இயந்திரத்தனமாக ஒலித்தது. இங்கே அதுவே வெகுளித்தனமாக ஒலிக்கிறது. ஒரு காட்சியில் ‘ராம்போ 3’ போஸ்டரைப் பார்த்து நின்று, ஸ்டலோனின் புஜத்தைத் தன் புஜத்தோடு ஒப்பிட்டுவிட்டு, இதெல்லாம் ஒரு உடம்பா என்பதுபோல் கையை அசைத்துவிட்டுப் போவார். வசனமே கிடையாது. பார்ப்பவர்களுக்கு இரண்டு நடிகர்களின் போட்டியும் தெரியும் என்பதால் தியேட்டர் அதிரும். இமேஜைத் தூக்கி எறிந்திருந்தால் இந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது.

1990-இல் அதே ரைட்மனோடு ‘கிண்டர்கார்ட்டன் காப்’. ரௌடிகளை அலற வைக்கும் போலீஸ்காரர், மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் முதல் நாளே தோற்று ஓடுகிறார். பிறகு அவர் குழந்தைகளைச் சமாளிப்பது எப்படி? கொஞ்சிப் பேசி அல்ல. விசில் ஊதி, போலீஸ் பயிற்சி மாதிரி வரிசையில் நிற்க வைத்து. அதாவது தனக்குத் தெரிந்த ஒரே வழியில். இந்தப் படத்துக்குப் பிறகு ‘பெரிய உடம்பு, சின்னக் குழந்தைகள்’ என்பது ஒரு தனி அச்சாகவே ஆகிவிட்டது. 1993-இல் ஹல்க் ஹோகனுக்கு ‘மிஸ்டர் நானி’, 2005-இல் வின் டீசலுக்கு ‘தி பாசிஃபையர்’. அச்சு கிடைத்ததும் எல்லோரும் அதில் மாவை ஊற்றினார்கள். அவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

தோல்விக்கு ஸ்டலோனைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. நான் ஸ்டலோனை மதிக்கிறவன், அதனால் இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். ஷ்வார்ஸனெகருக்குக் காமெடி கைகொடுத்ததைப் பார்த்து அவரும் வந்தார். 1991-இல் ‘ஆஸ்கர்’, 1992-இல் ‘ஸ்டாப்! ஆர் மை மாம் வில் ஷூட்’. இரண்டாவது படத்தின் பின்னணி வேடிக்கையானது. அந்தக் கதை மோசம் என்று தெரிந்தும், தனக்கு அதில் ரொம்ப ஆர்வம் இருப்பதுபோல் ஷ்வார்ஸனெகர் செய்தி பரப்பினார். போட்டியில் ஸ்டலோன் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இதை ஷ்வார்ஸனெகர் பிற்பாடு வெளிப்படையாகவே சொல்லிச் சிரித்தார். படத்துக்காக ஸ்டலோனுக்கு மோசமான நடிகருக்கான ராஸி விருது கிடைத்தது.

அந்தப் படம் ஏன் விழுந்தது? போலீஸ்காரரான மகனின் வீட்டுக்கு அம்மா வருகிறார், எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறார். யோசனை மோசமில்லை. ஆனால் ஸ்டலோனுக்கு அந்தக் கதையில் செய்ய ஒரே வேலைதான்: எரிச்சல்படுவது. அவருக்கென்று ஒரு நோக்கம், விடாப்பிடியான ஒரு நம்பிக்கை எதுவும் இல்லை. ஒரு கனவுக் காட்சியில் அவருக்கு டயப்பர் கட்டி நிறுத்தினார்கள். நீசனின் பள்ளிச் சிறுமி உடையையும் இந்த டயப்பரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் அபத்தமான உடைதான். நீசன் அந்த உடையில் ஒரு காரியத்தை முடிக்க வந்திருக்கிறார். ஸ்டலோன் அந்த உடையில் நம்மைச் சிரிக்கச் சொல்லிக் கேட்கிறார். நாம் சிரிக்க மறுத்துவிடுகிறோம்.

இதே ஸ்டலோன் அடுத்த வருடமே, 1993-இல், ‘டெமாலிஷன் மேன்’ படத்தில் நிஜமாகவே சிரிக்க வைத்தார் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 1996-இல் உறைய வைக்கப்பட்ட முரட்டுப் போலீஸ் 2032-இல் கண் விழிக்கிறார். அங்கே எல்லோரும் பதவிசாகப் பேசுகிறார்கள். கெட்ட வார்த்தை பேசினால் சுவரில் இருக்கும் இயந்திரம் உடனே அபராதச் சீட்டை நீட்டும். கழிப்பறையில் காகிதம் இல்லை, மூன்று சிப்பிகள் இருக்கின்றன. எப்படிப் பயன்படுத்துவது என்று அவருக்குப் புரியவில்லை. அவர் நேராக அந்த இயந்திரத்தின் முன் போய் நின்று, வரிசையாகக் கெட்ட வார்த்தைகளைப் பொழிந்து, வந்த சீட்டுகளைக் கத்தையாக எடுத்துக்கொண்டு போகிறார். முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை. ஒரு நடைமுறைச் சிக்கலை ஒரு போலீஸ்காரர் தீர்த்துவிட்டார். ஆளும் அதே ஆள், வயதும் ஒன்று கூடியிருக்கிறது, மாறியது எழுத்துதான். (அதே படத்தில் ஷ்வார்ஸனெகர் அதிபராகியிருந்தார் என்று ஒரு வசனம் வரும். ராம்போ போஸ்டருக்கான பதில் என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.)

நம் பக்கத்தில் இதற்கு ‘தில்லு முல்லு’வைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1980-இல் ‘பில்லா’, ‘முரட்டுக் காளை’ என்று ரஜினிகாந்தின் ஆக்‌ஷன் கிராஃப் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வருடமே கே. பாலசந்தர் அவரை முழுநீளக் காமெடிக்குள் இழுத்து வந்தார். மூலம் 1979-இல் ஹ்ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்த இந்திப் படமான ‘கோல்மால்’. தமிழில் விசு வசனம் எழுதினார். கதை தெரிந்ததுதான்: மீசை இல்லாதவனை நம்பாத ஒரு முதலாளி, அவரிடம் வேலைக்காக அடக்கமானவனாக நடிக்கும் ஒருவன், மாட்டிக்கொண்டதும் மீசை இல்லாத தம்பி ஒருவன் இருப்பதாகப் பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னும் பத்துப் பொய்.

கதை ஒன்றுதான், ஆனால் நாயகன் மாறியதும் அதன் உள்கணக்கே மாறிவிட்டது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இந்தியில் அமோல் பலேகர். பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருப்பவர். அவர் பணிவாக நின்றால் நமக்கு அது இயல்பாகத்தான் தெரியும். துள்ளலான தம்பியாக மாறும்போதுதான் ‘அட, இவருக்கு இது வருமா’ என்று தோன்றும். தமிழில் தலைகீழ். துள்ளலும் ஸ்டைலும் உள்ள தம்பி சந்திரன் ரசிகர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆள். பணிவான அண்ணன் இந்திரன்தான் வேஷம். தலையைச் சற்றே குனிந்து, குரலைத் தாழ்த்தி, சுருக்கமாகப் பேசும் ரஜினியைப் பார்த்ததும், இந்த அடக்கம் எந்த நொடி உடையப்போகிறதோ என்று தியேட்டரே காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு பலேகருக்குக் கிடைக்க வாய்ப்பில்லை. அது அதற்கு முந்தைய ஐந்தாறு வருடங்களில் ரஜினி சம்பாதித்தது.

மீசையும் அப்படித்தான். அந்தக் காலத்து நாயகனுக்கு மீசை என்றால் வீரம். இங்கே மீசை வைத்தவன் பரம சாது, மீசை இல்லாதவன் அடாவடி. ரஜினி மீசை இல்லாமல் திரையில் வந்ததே அன்று ஒரு செய்தி. அந்த ஒரே காரியத்தால் பாலசந்தர் நட்சத்திரத்தின் இமேஜைக் கதைக்கு உள்ளேயே கொண்டுவந்துவிட்டார்.

வெற்றியின் இன்னொரு பாதியை முதலாளியாக வந்த தேங்காய் சீனிவாசனுக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்த முதலாளி எதையும் சந்தேகிப்பதில்லை என்பதல்ல. சந்தேகப்பட்டு, விசாரித்து, பிறகு முழுமனதோடு நம்புகிறார். அவர் நம்பும் ஆழம்தான் ரஜினியின் பொய்க்கு உயிர் கொடுக்கிறது. சௌகார் ஜானகியும் அதே தரம். ஆக்‌ஷன் நடிகர் காமெடிக்கு வரும்போது எதிரே யார் நிற்கிறார் என்பதை நான் முதலில் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். டெவிட்டோ இல்லாத ‘ட்வின்ஸ்’ என்ன ஆகியிருக்கும்? 2013-இல் அதே பெயரில் வந்த மறு ஆக்கத்தில் சிவா நடித்தார். அவர் காமெடிக்காகவே அறியப்பட்டவர். படத்தில் சிரிப்பு உண்டு, ஆனால் உடையக் காத்திருக்கும் அந்த அடக்கத்துக்கு அங்கே இடமே இல்லை.

இதே தத்துவத்தைச் சின்ன வேடத்தில் பார்க்க வேண்டுமென்றால் 2015-இல் வந்த ‘ஸ்பை’ படத்தின் ஜேசன் ஸ்டேதம். தன் கையையே பிய்த்து, இன்னொரு கையால் ஒட்டவைத்துக்கொண்டேன் என்கிற அளவுக்குப் புளுகும் ஒற்றர். தன் ஆக்‌ஷன் படங்களில் பேசும் அதே கரகரப்பில், அதே வேகத்தில் பேசுகிறார். அவருடைய நாயகர்கள் திரையில் செய்வதற்கும் இந்தப் புளுகுக்கும் பெரிய தூரம் இல்லை என்பதுதான் சிரிப்பே. 2014-இல் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ படத்தில் டேவ் பட்டிஸ்டாவும் இந்த வரிசைதான்: உவமை எதுவும் புரியாமல், சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் மலை போன்ற ஆள்.

சண்டை நடிகர்களுக்குக் காமெடி ஏன் இவ்வளவு நன்றாக வாய்க்கிறது என்பதற்கு உடல் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. சண்டைக் காட்சி என்பது எண்ணிக்கை. எத்தனையாவது நொடியில் குத்து வரும், எப்போது தலை குனிய வேண்டும், எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்று உடம்புக்குப் பழக்கியிருப்பார்கள். காமெடிக்கும் அதே டைமிங்தான் தேவை. அரை நொடி பிந்தினால் இரண்டும் செத்துவிடும். ஜாக்கி சானைப் பாருங்கள். 1973-இல் புரூஸ் லீ இறந்த பிறகு அவரை அடுத்த புரூஸ் லீ ஆக்க முயன்றார்கள். கோபமும் பழிவாங்கலும் அவருக்குப் பொருந்தவில்லை. 1978-இல் யுவென் வூ-பிங் இயக்கிய ‘ட்ரங்கன் மாஸ்டர்’ படத்தில் அடி வாங்கி, அலறி, தடுமாறிச் சண்டை போட்டபோதுதான் அவர் நட்சத்திரம் ஆனார். 1983-இல் ‘ப்ராஜெக்ட் ஏ’ படத்தில் கடிகாரக் கோபுரத்திலிருந்து அவர் விழுவது, 1923-இல் ஊமைப்பட காமெடி நடிகர் ஹெரால்ட் லாய்ட் கடிகார முள்ளில் தொங்கியதற்குச் செய்த மரியாதை. ஊமைப்பட காலத்துக் காமெடியும் ஸ்டண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை ஜாக்கி சான் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இமேஜ் என்பது சேமிப்புக் கணக்கு மாதிரி; ஒவ்வொரு காமெடியும் அதிலிருந்து கொஞ்சம் எடுக்கிறது. 1994-இல் ஷ்வார்ஸனெகர், ரைட்மன், டெவிட்டோ மூவரும் மறுபடி சேர்ந்து ‘ஜூனியர்’ செய்தார்கள். கர்ப்பமாகும் ஆண் விஞ்ஞானி. ஷ்வார்ஸனெகரின் நடிப்பு அதில் மோசமே இல்லை. கோல்டன் குளோப் பரிந்துரைகூடக் கிடைத்தது. ஆனால் முந்தைய இரண்டைப்போலப் படம் ஓடவில்லை. அதற்குள் மக்கள் அவரைப் பல முறை செல்லமான பெரிய மனிதராகப் பார்த்துவிட்டார்கள். எதிர்பாராத அதிர்ச்சி என்று ஒன்று மிச்சமில்லை என்பதுதான் என் கருத்து. அடுத்தடுத்து மூன்று காமெடி ஒப்புக்கொள்ளும் ஆக்‌ஷன் நடிகரைப் பார்த்தால் எனக்குக் கவலை வருவது இதனால்தான். நடுவில் ஒரு நல்ல சண்டைப் படம் வந்து கணக்கை நிரப்ப வேண்டும்.

கேள்வியின் கடைசிப் பகுதி: ஒரு காமெடி ஆக்‌ஷன் இமேஜைக் கெடுத்துவிடுமா? ஒரு படத்தால் அப்படிக் கெட்டதாக எனக்குத் தெரியவில்லை. ‘தில்லு முல்லு’வுக்குப் பிறகு ரஜினியின் மாஸ் குறையவில்லை, கூடியது, அதற்குப் பின் வந்த அவருடைய ஆக்‌ஷன் படங்களில் காமெடிக்கென்று ஒரு பங்கு நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. டயப்பர் கட்டிய ஸ்டலோனும் 1993-இல் ‘க்ளிஃப்ஹேங்கர்’ படத்தோடு பெரிய வெற்றிக்குத் திரும்பிவிட்டார். ஷ்வார்ஸனெகர் விஷயத்தில் லாபம் இன்னும் பெரியது. ‘கிண்டர்கார்ட்டன் காப்’ வந்து ஓராண்டுகூட ஆகாமல், 1991-இல், ‘டெர்மினேட்டர் 2’ வந்தது. அதில் ஒரு சிறுவன் அந்தக் கொலை இயந்திரத்தை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறான். அது மறுபேச்சில்லாமல் நிற்கிறது. பிறகு அதற்குத் தெருப் பேச்சு சொல்லிக் கொடுக்கிறான். 1984-இல் வந்த முதல் படத்தின் ஷ்வார்ஸனெகரிடம் இப்படி ஒரு காட்சியை எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது. நடுவில் இரண்டு காமெடிப் படங்களில் அவர் சிரிக்காமலே சிரிக்க வைத்ததைப் பார்த்த பிறகு, அந்தத் துணிச்சல் எழுதியவர்களுக்கும் வந்தது, பார்த்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.